நான் போனால் மட்டும் சுடும் ஹீற்றர்

வெந்நீர்க் குழாய்த் தொழிலில் இருப்பவரை, "வீடு இதமாக இருக்கிறது" என்று சொல்வதற்காக எவரும் தொலைபேசியில் அழைப்பதில்லை. ஒஸ்லோவில் அந்தத் தொழிலில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆயினும் நகரின் ரொம்சோஸ் பகுதியில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் நிர்வாக சபை என்னை ஓய்ந்திருக்க விடவில்லை. எங்கள் கட்டடத்தின் நிலவறையில் சூடாகும் தண்ணீர், குழாய்வழி மேலேறி, ஒவ்வொரு அறையின் ஹீற்றருக்குள்ளும் ஓடித் திரும்புகிறது. ஓடினால் சூடு, ஓடாவிட்டால் நான். கூடத்தில் வியர்த்துப் படுக்கையறையில் விறைத்து வாழும் வாசகர்களே, இந்த மாரியில் நிகழ்ந்த சிலவற்றை உங்களுக்காகவே எழுதுகிறேன்.

நல்ல பிள்ளை

மேல்மாடியில் இருப்பவர் சிவநேசன். இளமையை நாட்டின் வடகோடியிலுள்ள பாட்ஸ்பியோர்ட்டின் மீன் ஆலையில் கழித்தவர். பிறகு ஒஸ்லோவில் பஸ் ஓட்டியவர். சென்ற ஆண்டு மனைவி மல்லிகாவை இழந்தவர். "அக்கா, மற்ற அறையெல்லாம் சூடு. அந்த ஓரறை மட்டும் ஐஸ்பெட்டி" என்று அழைத்தார். அந்த ஓரறைதான் முக்கியமான அறை. ஸ்தவாங்கரில் இருக்கும் மகள் வாசுகிக்குப் பிள்ளை பிறந்திருந்தது. தாய் இருந்திருந்தால் செய்திருக்கக்கூடிய பிள்ளைப்பேற்றுப் பராமரிப்பு முழுவதையும் தாமே செய்வதென்று தீர்மானித்து, சிவநேசன் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காயச் சரக்கைக்கூட வறுத்து இடித்து வைத்திருந்தார். ஆனால் வாசுகி உறுதியாகச் சொல்லிவிட்டாள்: அறை குளிரென்றால் பச்சைப்பிள்ளையோடு வரமாட்டாள்.

போய்ப் பார்த்தேன். அறை குளிர்ந்துதான் கிடந்தது. ஹீற்றரோ நல்ல சூடு. மேல் விளிம்பில் மட்டும் சற்று ஆறியிருந்தது. அப்படியென்றால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது என்று பொருள். சிறு சாவியால் திருகினேன். சீறிக்கொண்டு காற்று வெளியேறியது. பின்னால் தண்ணீர் வந்தது. சிவநேசன் தேநீர்க் கோப்பையில் அதை ஏந்தினார். சரியாகிவிட்டது என்று அறிவித்துவிட்டு வந்தேன். மறுநாட் காலை தொலைபேசி மணி அடித்தது.

"அக்கா, நீங்கள் நிண்டமட்டும் அது நல்ல பிள்ளையாய் இருந்தது."

கீழ்வீட்டு வெயில்

தண்ணீருக்குச் சோம்பல் அதிகம். கிட்டிய வழி கிடைத்தால் தொலைவுக்குப் போகாது. ஆகவே என் அடுத்த சந்தேகம் கீழ்வீட்டின்மேல் விழுந்தது. அங்கே கோயம்புத்தூரிலிருந்து வந்த கார்த்திக்கும் திவ்யாவும் குடியிருக்கிறார்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, அவர்களுடைய யன்னல் அகலத் திறந்திருந்தது. ஹீற்றரின் திருகி உச்சமான ஐந்தாம் எண்ணில் நின்றது.

"யன்னலை ஏன் திறந்து வைத்திருக்கிறீர்கள்?"

"உள்ள ரொம்பச் சூடா இருக்கு ஆன்ட்டி" என்றார் கார்த்திக்.

"அப்படியானால் ஹீற்றரைக் குறைக்கலாமே."

"குறைச்சா குளிருமே ஆன்ட்டி!"

இவ்வாறு வாதிடுபவர்களோடு வாதிடுவதில்லை என்பது என் கொள்கை. யன்னலைச் சாத்தினேன். திருகியை மூன்றுக்குக் கொண்டுவந்தேன். அடியிலுள்ள சமப்படுத்தும் திருகாணியையும், வேண்டிய தண்ணீர் மட்டும் நுழையும் அளவுக்கு இறுக்கினேன். கார்த்திக்கின் முகம் வாடியது. மேல்மாடிக்கு ஒரு பச்சைப்பிள்ளை வரக்கூடும், அதற்காகத்தான் என்று விளக்கினேன். திவ்யா கணவரை முந்திக்கொண்டார்.

"மேல பாப்பா வருதா? அப்போ எங்க வெயில்ல பாதிய அனுப்பிடுங்க ஆன்ட்டி."

முக்காலி

அனுப்பியும் பயனில்லை. "அக்கா, பழையபடி விறைக்குது. சனிக்கிழமைக்குள்ளை முடிவு சொல்லாட்டி பிளேன் ரிக்கெற்றை விட்டிடுவன் எண்டிட்டாள் வாசுகி" என்றார் சிவநேசன். அவருடைய குரலில் முன்பிருந்த வேடிக்கை இல்லை. மீண்டும் போனேன். மீண்டும் அறை குளிர், ஹீற்றர் சூடு. அப்போதுதான் உறைத்தது: நான் வருவதற்குச் சற்று முன்னர்தான் அது சூடாகத் தொடங்குகிறது. யாரோ அதற்கு என் வருகையை அறிவிக்கிறார்கள்.

திருகியின் தலையைக் கழற்றினேன். அந்தத் தலைக்குள் ஒரு துளி மெழுகு இருக்கிறது. அறை சூடானதும் அது விரிந்து தண்ணீரின் வழியை அடைத்துவிடும். தலையின் அடிப்பக்கத்தில் கரி படிந்திருந்தது. பிளாஸ்ரிக் சற்று இளகிக் கோணியிருந்தது. முகர்ந்தேன். நல்லெண்ணெய்.

"சிவநேசன், இதுக்குக் கீழை என்ன எரியிறது?"

அவர் அலுமாரியைத் திறந்தார். உள்ளே ஒரு முக்காலி, பித்தளை விளக்கு, மல்லிகாவின் படம்.

"படிக்கட்டிலை நோட்டீஸ் ஒட்டியிருக்கெல்லோ அக்கா, வீட்டிலை நெருப்பு எரிக்கக்கூடாதெண்டு. அடியிலை உங்கடை கையெழுத்து. அதுதான் நீங்கள் வரேக்கை எல்லாத்தையும் எடுத்து உள்ளை வைச்சிடுவன்."

"எரிக்கக்கூடாதெண்டு நான் எழுதேல்லை. எரியவிட்டிட்டுப் போகக்கூடாதெண்டுதான் எழுதினனான்."

"நான் எங்கையக்கா விட்டிட்டுப் போறது? நாள் முழுக்கப் பக்கத்திலைதானே இருக்கிறன்."

அந்தக் குளிரில், கம்பளி போர்த்திக்கொண்டு, மனைவி நோயில் படுத்திருந்து வெளியே பார்த்த, ஹீற்றரை ஒட்டிய அந்த யன்னலருகில் இருந்திருக்கிறார். முக்காலியில், தனக்கு நேர்கீழே எரிந்த விளக்கின் சூட்டை அறையின் சூடென்று நம்பித் திருகி மூடிக்கொண்டிருக்கிறது. இதை எளிமையாக விளக்கினேன். அவர் படத்தையே பார்த்தபடி நின்றார்.

"அப்ப, மல்லிகாவோ பேரப்பிள்ளையை வரவிடாமல் மறிச்சது?"

"மல்லிகா இல்லை. முக்காலி" என்றேன். அந்த வேளையில் கண்டிப்பே ஆறுதலாக இருக்குமென்று எனக்குத் தோன்றியது. புதிய தலையைப் பூட்டினேன். விளக்கும் படமும் கூடத்துச் சுவரோரம் இருக்கட்டும், விளக்குக்குக் கண்ணாடிக் கூண்டு வேண்டும், படுக்கப் போகுமுன் அணைக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், ஆனால் முக்காலியைத் தூக்கியவர் நின்றுவிட்டார்.

"ஒரு நிமிஷம் பொறுங்கோ அக்கா, அவவிட்டையும் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுக் கொண்டுபோவம்."

ஐந்தாம் எண்

வாசுகி வந்தாள். வந்து சில நாட்களில் அவளே என்னை அழைத்தாள்: "அன்ரி, அந்த அறை ஹீற்றர் பிழை. ஒருக்கா வந்து பாருங்கோ." கதவைத் திறந்ததும் காயச் சரக்கின் மணம் மூக்கில் ஏறியது. கூடத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. அறைக்குள் கால் வைத்ததும் என் மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து மங்கிப்போயிற்று. மெல்லிய சட்டையோடு வாசுகி ஒரு சஞ்சிகையால் விசிறிக்கொண்டிருந்தாள். கன்னம் சிவந்த குழந்தை மேற்சட்டையின்றித் தூங்கியது. ஹீற்றரின் பக்கத்தில் கதிரை போட்டு, காவற்காரரைப் போலச் சிவநேசன்.

"பிழை ஹீற்றரிலை இல்லை அன்ரி. நான் மூண்டிலை வைக்கிறன், அப்பா வந்து ஐஞ்சிலை வைக்கிறார். பிள்ளை வேர்க்குது."

"வேர்க்கட்டும், விறைக்கக்கூடாது" என்றார் சிவநேசன், என்னைப் பாராமலே.

திருகியை மூன்றுக்குத் திருப்பினேன். அதற்குமேல் எவராலும் திருப்ப முடியாதபடி தடுக்கும் சிறு முள் ஒன்று உண்டு, அதையும் செருகினேன். சிவநேசன் ஒருமுறை திருகிப் பார்த்தார், அது அசையவில்லை. மனவருத்தத்தோடு எழுந்து, மகளுக்கு இன்னொரு கோப்பை சரக்குத் தண்ணீர் கொண்டுவரக் குசினிக்குப் போனார். அவர் போன திசையைப் பார்த்து வாசுகி குரலைத் தாழ்த்தினாள். சிரிக்கிறாளா, கண் கலங்குகிறாளா என்று என்னால் நிச்சயிக்க முடியவில்லை.

"அன்ரி, அந்த முள்ளிலை ஒண்டு அப்பாவுக்கும் பூட்டேலாதோ?"

ஒரு வீட்டில் சூடு சீராக இல்லையென்று உங்களையும் எவராவது அழைத்தால், ஹீற்றரில் கை வைப்பதற்கு முன், அலுமாரியைத் திறக்கச் சொல்லிப் பணிவோடு கேளுங்கள்.