லாயத்து அரைக்கதவு

செல்லத்தாயும் அவள் கணவர் சுயம்புராஜும் குடியிருந்தது குதிரை லாயத்தில். கீரிப்பாறைக்கு மேலே, ரப்பர் எஸ்டேட்டில், வெள்ளைக்காரத் துரைகள் கட்டியது. குதிரைகள் போன பிறகு கொட்டடிகளைத் தொழிலாளிகளுக்கு வீடாகப் பிரித்துக் கொடுத்தார்கள். சுயம்புராஜ் பால்வெட்டுக்காரர், ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பாலெடுப்பவர். செல்லத்தாய் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்கப் பயிற்சி எடுத்தவள். அதனால் கணவருக்கு வயதாகி ஞாபகம் தப்பத் தொடங்கியபோது அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. ஆகவேண்டியதைப் பார்த்தாள்.

அப்போதுதான் லாயத்தின் அருமை தெரிந்தது. குளம்பு வழுக்காமலிருக்கத் தரைக்கல்லில் வரி வரியாகக் கொத்தியிருந்தார்கள். ஈரக்காலோடு நடந்தாலும் கிழவர் விழவில்லை. தரை ஒரு பக்கமாகச் சரிந்து சுவரோர ஓடையில் முடிந்தது. பாயை நனைத்துவிட்டால் இரண்டு வாளித் தண்ணீரில் எல்லாம் போய்விடும். குதிரையின் விலா உரசாமலிருக்கச் சுவர் மூலைகளை மழுக்கியிருந்தார்கள். இடித்துக்கொண்டாலும் காயமில்லை.

எல்லாவற்றையும் விடக் கதவு. குறுக்கே இரண்டாகப் பிரிந்தது. மேல்பாதியைத் திறந்து வைத்துக் கீழ்பாதியை மட்டும் சாத்தலாம். கீழ்பாதிக்கு வெளியே இரண்டு தாழ்ப்பாள்கள்: ஒன்று மேலே, ஒன்று தரையோரம். வாயால் மேல்தாழை நீக்கப் பழகிய ஏதோ ஒரு குதிரைக்காக அந்த இரண்டாவது தாழ். சுயம்புராஜும் மேல்தாழை நீக்கிவிடுவார். கீழே இன்னொன்று இருப்பது அவருக்குத் தோன்றாது. முழங்கையைக் கதவில் ஊன்றி நின்று, போகிறவர் வருகிறவரை விசாரிப்பார்.

“வோய், வெட்டுக்கா?”

“வெட்டுக்குத்தான் அண்ணே.”

“பட்டை நோவாம வெட்டணும், கேட்டியா.”

அவர் பேசிக்கொண்டிருக்கும்போது செல்லத்தாய் ஒரு தூக்கம் தூங்கி எழுவாள்.

எஸ்டேட் கைமாறியது. லாயத்தைச் சுற்றுலாக்காரர்களுக்கு விடுதியாக்கப் போவதாகச் சொல்லி எல்லோரையும் காலி செய்யச் சொன்னார்கள். மஸ்கட்டிலிருந்து விடுப்பில் வந்திருந்த மகன் ஸ்ரீஜித்துக்குச் சந்தோஷம். சுசீந்திரத்தில் புது வீடு கட்டியிருந்தான்.

“இனி அப்பா குதிரைக்க கூட்டுல கெடக்க வேண்டாம்” என்றான்.

புது வீட்டில் முதல் நாளே, திறந்து கிடந்த கதவு வழியாக அப்பா ரோட்டுக்குப் போய்விட்டார். பஸ் டிரைவர் மிதித்த மிதியில் பஸ்ஸே குலுங்கி நின்றது. அதன்பின் கதவு பூட்டியே கிடந்தது. கிழவர் அதை அடித்தார். சன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினார்.

“நான் என்னலே களவாண்டேன்? தொறந்து விடுங்கலே.”

வீட்டில் யாரும் தூங்கவில்லை.

“தூக்க மாத்திரை குடுப்போமா அம்மா?”

“குடுத்தா தள்ளாடி விழுவாரு. விழுந்தா இடுப்பு போவும். பொறவு நீயா இருந்து தூக்குவ? அந்தக் கதவ குறுக்க அறு மக்கா. லாயத்துல உள்ளது மாதிரி.”

“இது தேக்கு. மயில் கொத்துன கதவு. அறுத்தா ஊரு சிரிக்கும்.”

“சிரிக்க வாறவனாவது உங்கப்பன்கிட்ட ரெண்டு வார்த்த பேசுவான்.”

அவன் இசையவில்லை. மிச்சப் பாத்திரங்களை எடுக்க மலைக்குக் காரில் போனபோது அப்பாவையும் கூட்டிப்போக வேண்டியிருந்தது. இறங்கியதும் அவர் தம் கொட்டடிக்குள் போய், கீழ்க்கதவைத் தாமே இழுத்துச் சாத்தி, முழங்கையை ஊன்றி நின்றார். வெளியே பாத்திரத்தோடு நின்ற ஸ்ரீஜித்தைப் பார்த்தார்.

“நீ யாருக்க மவன்?”

“சுயம்புராஜுக்க மவன்.”

“நல்ல மனுசன். சொகமா இருக்காரா?”

“இருக்காரு.”

ஸ்ரீஜித் பாத்திரத்தைக் கீழே வைத்தான். கதவின் உயரத்தைத் தன் நெஞ்சோடு வைத்துப் பார்த்தான். குனிந்து, தரையோரத் தாழைப் போனில் படம் எடுத்தான்.

சுசீந்திரம் வீட்டுக்கு வந்த ஆசாரி அறுப்புவாளை எடுக்கவே தயங்கினார். “தலைவாசக் கதவ அறுக்கச் சொல்லுதியளே தம்பி, நல்லா யோசிச்சியளா?”

“எனக்கும் மனசில்ல ஆசாரியே. அறுங்க.”

அறுப்பு மயிலின் கழுத்துக்குக் கீழே போயிற்று. இப்போது மயிலின் தலை திறந்து சுவரோடு கிடக்க, தோகைக்கு மேலே முழங்கையை ஊன்றி நிற்கிறார் சுயம்புராஜ். பஸ்ஸுக்கு நிற்பவர்களிடம் எத்தனை மரம் வெட்டினாய் என்று கேட்கிறார். சிலர் நூறு என்கிறார்கள், சிலர் முந்நூறு. அவர் திருப்தியாகத் தலையாட்டுகிறார்.

செல்லத்தாய் பின்வாசல் வழியாகச் சுற்றி வந்து, கீழ்த்தாழைக் காலால் தள்ளிப் போட்டுவிட்டுப் படுக்கப் போகிறாள். சாயங்காலம் விளக்கேற்றும்போது, லாயத்தைக் கட்டிய பெயர் தெரியாத கொத்தனையும் ஆசாரியையும் நினைத்துக் கும்பிடுகிறாள். மேல்தாழை நீக்கப் பழகிய அந்தக் குதிரையையும் சேர்த்துத்தான்.