விட்டுப்போனவர் கட்டத்தில் ஓர் ஆள்

அலுவலகத்தில் அவளைக் கட்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். எச்.ஐ.வி. சிகிச்சையில் நாடு எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறது என்று வருஷத்துக்கு ஒருமுறை அறிக்கை போகும். அதற்காக எல்லா மருத்துவமனைகளிலிருந்தும் வரும் படிவங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள் அவள்தான். மாத்திரை வாங்குபவர் ஒரு கட்டம், விட்டுப்போனவர் ஒரு கட்டம், இறந்தவர் ஒரு கட்டம். யாராவது கட்டம் மாற்றி எழுதிவிட்டால் போனிலேயே ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். பதினோரு வருஷமாக அதே வேலை, அதே நாற்காலி. நாற்காலிக்கு மட்டும் ஒரு கை போய்விட்டது.

அவளுக்கும் அந்த நோய் இருந்தது, ஏழு வருஷமாக. புருஷன் சாகும்போது வைத்துவிட்டுப் போன சொத்து அது ஒன்றுதான் என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள், சிரிக்கமாட்டாள். அண்ணன் வீட்டு மாடியில் மகளோடு குடியிருந்தாள். மாத்திரைகளை ஒரு சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். அண்ணி ஒருநாள், "எனக்கும் ரெண்டு குடேன், கை கால் எல்லாம் ஒரே அசதி" என்று கேட்டபோது பச்சையாகப் புளுகித் தப்பித்தாள்.

மருத்துவமனையில் கொடுத்த முகவரியும் போன் நம்பரும்கூடப் புளுகுதான். நாடு முழுக்கப் படிவத்தில் பிழை பிடிக்கிற மகராசி, தன் படிவத்தில் இல்லாத தெருவை எழுதியிருந்தாள்! ஒரு மாதமும் தவறாமல் போய் மாத்திரை வாங்கியதால் அவளை யாரும் தேடவில்லை.

எல்லாம் மீசைக்காரர் வரும்வரைதான். ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்த அவரை முதுகுவலி என்று பதிவேடு எழுதும் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். அவருக்கும் இன்னும் இருபது பேருக்கும் பயிற்சி கொடுத்தது கட்டம்மாதான். "உடம்பைக் கண்ணால பார்த்திருக்கணும், இல்ல சர்டிபிகேட் இருக்கணும். ரெண்டும் இல்லாம ஒருத்தரையும் இறந்தவர் கட்டத்துல போடாதீங்க!" என்று மேஜையைத் தட்டினாள். அடுத்த வாரம் மாத்திரை வாங்கப் போனால் கவுண்டரில் அதே மீசை. வந்த வழியே திரும்பிவிட்டாள். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று முப்பது நாள் ஓடிவிட்டது. டப்பாவில் இப்போது நிஜமாகவே சத்து மாத்திரைதான் இருந்தது.

அறிக்கை அனுப்ப வேண்டிய நாளும் வந்தது. அந்த மருத்துவமனையின் பட்டியலை எடுத்தாள். இருபத்தெட்டு நாள் வராதவர் விட்டுப்போனவர். அந்த விதியை டைப் அடித்து எல்லோருக்கும் அனுப்பியதே அவள்தான். அந்தக் கட்டத்தில் அவளுடைய சிகிச்சை அட்டை எண் இருந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பு: "மூன்று முறை தேடியாயிற்று. அப்படி ஒரு தெருவே இல்லை."

இந்த வருஷம் விட்டுப்போனவர் கட்டத்தில் இருக்கும் எண்கள் அடுத்த வருஷம் எந்தக் கட்டத்துக்குப் போகும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மகள் இப்போதுதான் ஒன்பதாவது படிக்கிறாள். சாவதற்கு அவளுக்கு இஷ்டமில்லை. நாலு பேருக்குத் தெரிவதற்கும் இஷ்டமில்லை. எழுந்து அதிகாரியிடம் போனாள்.

"சார், ஒரு ஆளைத் தேடிட்டு வந்துடறேன்."

"எதுக்கும்மா அலையறீங்க? போன் பண்ணுங்க."

"அது தப்பு நம்பர் சார்."

மருத்துவமனைக் கவுண்டரில் அவளைப் பார்த்ததும் மீசைக்காரர் முதுகுவலியையும் மறந்து எழுந்து நின்றார். "மேடம், செக் பண்ண வந்தீங்களா? பதிவேடெல்லாம் கரெக்டா இருக்கு மேடம்."

அவள் அட்டையை நீட்டினாள். அவர் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"நான்தான்" என்றாள். "மாத்திரை வேணும்."

அவர் மெதுவாக உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்டினார். "இந்தத் தெருவைத் தேடி மூணு நாள் நாயா அலைஞ்சேன். தபால்காரரையே கேட்டுட்டேன். செத்தவங்கள்ல போட்டு முடிச்சுடுய்யான்னு மேலிடத்துல சொன்னாங்க. நான் போடலை."

"ஏன்?"

"உடம்பைப் பார்க்கலையே மேடம். நீங்கதானே மேஜையைத் தட்டினீங்க?"

வரிசையில் நின்றவர்கள் பார்க்கப் பார்க்க அவள் அழுதுவிட்டாள். அவர் அவசரப்படுத்தவில்லை. அழுது முடித்ததும் பேனாவைத் திறந்தார். "முகவரி சொல்லுங்க மேடம். இந்தத் தடவையாவது இருக்கிற தெருவா பார்த்துச் சொல்லுங்க."

டாக்டரைப் பார்த்து, ரத்தம் கொடுத்து, மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பும்போது மணி நாலரை. விட்டுப்போனவர் கட்டத்தில் ஒன்றைக் குறைத்தாள், மாத்திரை வாங்குபவர் கட்டத்தில் ஒன்றைக் கூட்டினாள். பின்னால் நின்று பார்த்த அதிகாரிக்கு ஆச்சரியம்.

"பரவாயில்லையே! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அவங்களே வந்துட்டாங்க சார்."

"வர்றவங்க முன்னாடியே வர்றதுக்கு என்னவாம்?"

"பயம் சார்."

"அதுக்குக் கட்டம் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப விடுங்க, அனுப்பிடலாம்."

அவள் அறிக்கையை அனுப்பினாள். பிறகு பையிலிருந்து புது டப்பாவை எடுத்து, லேபிளைக் கிழிக்காமல் மேஜைமேல் வைத்து, எல்லோர் எதிரிலும் ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.