அய்யாவுக்கு இடம் தேடியபோது அய்யனார் காட்டிய வழி

அய்யாவை வீட்டுக்குள் வைத்து வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போனவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அய்யனாரைக் கும்பிடுகிற நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி. பாதியை மறைத்துச் சொன்னால் அது சாட்சி ஆகாது.

எண்பத்தொன்றாம் வருஷம் அது. என்னைப் பெற்ற அய்யா கீழக்குயில்குடியில் விவசாயம் பார்த்தவர். அம்மா போய்ச் சேர்ந்த மறு வருஷம், மார்கழியில், அவருக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, கோச்சடையில் நான் வாடகைக்கு இருந்த ஒற்றை அறைக்கு அவரைக் கூட்டிவந்தேன். நான் ஒரு மில் ஆபீசில் டைப்பிஸ்ட். வயது நாற்பத்து நாலு. கல்யாணம் தட்டித் தட்டிப் போய், கடைசியில் பெண் கேட்டு வருகிறவர்களும் நின்றுபோனார்கள். கூடப் பிறந்தது ஒரே அண்ணன். குடும்பத்தோடு பம்பாயில் இருந்தான்.

காலையில் அய்யாவுக்குப் பல் தேய்த்துவிட்டு, குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தண்ணீரும் மூத்திரச் சட்டியும் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துவிட்டு, பூட்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். பூட்டாவிட்டால் சுவரைப் பிடித்துக்கொண்டே ரோட்டுக்கு வந்துவிடுவார். ஒருமுறை லாரிக்கு முன்னால் போய் நின்றவர். ஆபீசில் உட்கார்ந்தாலும் மனசு வீட்டில்தான் இருக்கும். விழுந்திருப்பாரோ, தண்ணீர் கவிழ்ந்திருக்குமோ என்று நினைத்தபடியே தட்டிய கடிதங்களில் பாதியைத் திரும்பத் தட்ட வேண்டியிருக்கும். மதியச் சாப்பாட்டு மணிக்கு வீட்டுக்கு ஓடி, திரும்ப ஓடி வருவேன். அந்த ஒன்றரை வருஷத்தில் நான் எங்காவது நிம்மதியாக உட்கார்ந்ததாக ஞாபகமே இல்லை.

ஒரு பங்குனி வெயிலில், மூன்று மணி இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் ஆபீசுக்கே வந்துவிட்டார். ஜன்னலில் புகை வருகிறதாம். சாவி என் கைப்பையில் இருந்தது. நான் போய்ச் சேருவதற்குள் தெருக்காரர்கள் கடப்பாரையால் பூட்டை உடைத்துவிட்டார்கள். காப்பி போட ஆசைப்பட்டு ஒற்றைக் கையால் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்திருக்கிறார். இடது கை வெந்து கொப்பளித்திருந்தது. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தவர், என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

"பூட்ட ஒடச்சிட்டாய்ங்க தனம். புதுசு வாங்கணுமே."

நான் அழக்கூட இல்லை. அவர் கையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

கை ஆறுகிற வரைக்கும் லீவு போட்டேன். இனி ஒரு நாள் லீவு என்றாலும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று மில்லில் சொல்லிவிட்டார்கள். வேலை போனால் இரண்டு பேருக்கும் சோறு இல்லை. வேலைக்குப் போனால் அய்யா இல்லை. அப்போதுதான் ஆபீஸ் தோழி ஒருத்தி, ஊருக்கு வெளியே பணம் கட்டிச் சேர்க்கிற முதியோர் இல்லம் ஒன்று இருப்பதாகச் சொன்னாள். போய்ப் பார்த்தேன். புதுப் பெயின்ட், வாசலில் ரோஜாச் செடி, வரிசையாக வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில்கள். மாதக் கட்டணம் குத்தகைப் பணத்துக்குள் அடங்கியது. வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை. அய்யனாரே கண் திறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணனுக்கு எழுதினேன். பதில் உடனே வந்தது. "அப்பனை விடுதியில் தள்ளினாள் என்று ஊர் காறித் துப்பும். நீதான் வைத்துப் பார்க்க வேண்டும்" என்று எழுதியிருந்தான். எப்படிப் பார்ப்பது என்று எழுதவில்லை.

ஊர் கிடக்கட்டும். அய்யாவிடம் எந்த வாயால் சொல்வேன்? சொல்லப் போவேன், அவர் முகத்தைப் பார்ப்பேன், "மோர் வேணுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். பத்து நாள் இப்படியே போனது. கடைசியில், சாமி சொன்னதாகச் சொல்லிவிட்டால் அய்யா மறுக்க மாட்டார் என்று எனக்கு ஒரு புத்தி வந்தது.

எங்கள் பக்கத்தில் பூக்கட்டிப் பார்க்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. சாமி காலடியில் வைத்து, மனசில் கேள்வியை நினைத்து, பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் குளத்தில் விட்டுவிட வேண்டும்.

நான் இரண்டிலும் வெள்ளை நந்தியாவட்டையை வைத்துக் கட்டினேன்.

எழுதும்போதே கை கூசுகிறது. சிவப்பு வந்துவிட்டால் என்ன செய்வேன் என்கிற பயம்தான் காரணம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ வைத்து அய்யாவைக் கீழக்குயில்குடி அய்யனார் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். வீடு மாறலாமா என்று கேட்கப் போகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். பூசாரி எடுத்துக் கொடுத்தார், வெள்ளை. வராமல் எங்கே போகும்? கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிடும்போது, "அய்யனாரே, இதுக்கு மேல என்னால முடியல, நீயே ஒரு வழி விடு" என்று மட்டும் வேண்டினேன். நான் செய்த காரியத்தில் உண்மையாக இருந்தது அந்த ஒரு வேண்டுதல்தான்.

மற்றப் பொட்டலத்தைத் தானே குளத்தில் விடுவதாக அய்யா கேட்டு வாங்கிக்கொண்டார். படியில் உட்கார வைத்தேன். தழும்பேறிய கையால் பொட்டலத்தைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டினார். நான் கட்டிய நார் அவிழ்ந்து, இலை விரிந்து, பூ அத்தனையும் அவர் மடியில் கொட்டியது. அத்தனையும் வெள்ளை. எத்தனையோ தடவை பூக்கட்டியவள் நான், என் முடிச்சு அவிழ்ந்ததே கிடையாது. அன்றைக்கு அவிழ்த்தது யார் என்று எனக்குத் தெரியும்.

அய்யா பூவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன கேட்ட தனம் சாமிகிட்ட?"

தேம்பித் தேம்பி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒவ்வொரு பூவாகப் பொறுக்கித் தண்ணீரில் போட்டார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.

"என்னையக் கேட்டிருக்கலாமுல்லத்தா. சாமியா அங்கன போயிப் படுக்கப் போறாரு?" என்றார். கடைசிப் பூவையும் போட்டுவிட்டு, "அந்த ரூமுக்குள்ள நான் படுற பாடு ஒனக்கு எங்க தெரியும். நாளைக்கே போறேன். ஆனா எடத்த நாந்தான் பாப்பேன். மாடு பிடிக்கப் போனாக்கூட சுழி பாக்காமப் பிடிக்க மாட்டோம்" என்றார்.

எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

முதலில் ரோஜாச் செடி இல்லத்துக்குப் போனோம். மேனேஜர் நாற்காலி போட்டு உபசரித்தார். அய்யா ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். குளிப்பாட்ட ஆள் உண்டா? உண்டு, அதற்குத் தனிப் பணம். துணி துவைக்க? தனி. சாயங்காலக் காப்பி, மருந்து, டாக்டர் வந்தால் அவருக்கு, எல்லாம் தனி. முன்பணம் திரும்ப வருமா? வராது. நான் கட்டணம் என்று நினைத்திருந்தது கட்டிலுக்கும் சோற்றுக்கும் மட்டும். எல்லாவற்றையும் கூட்டினால் என் சம்பளத்தில் பாதி சேர்ந்து போய்விடும். ஆபீசில் நாள் முழுக்க விலைப்பட்டியல் தட்டுகிற எனக்கு இதைக் கேட்கத் தெரியவில்லை!

கடைசியாக அய்யா கேட்டார். "நாளப்பின்ன நான் படுத்த படுக்கையாயிட்டா?"

"அப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரணும் பெரியவரே."

"நடக்குறவனுக்குத்தான் எடமாக்கும். வா தனம், போவம்."

திருநகருக்குப் பின்னால், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு நர்ஸம்மா எட்டுப் பேரை வைத்துப் பார்ப்பதாக ஆட்டோக்காரர் சொன்னார். ஓட்டு வீடு. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அய்யா நேராகக் கக்கூஸைப் பார்த்தார், அப்புறம் அடுப்படியைப் பார்த்தார். பிறகு படுத்த படுக்கையாகக் கிடந்த ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அண்ணே, தப்பா நெனைக்காதீக, முதுகக் காட்டுங்க" என்றார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நர்ஸம்மா சிரித்துக்கொண்டே அவரைத் திருப்பிக் காட்டினார். படுக்கைப் புண் இல்லை. பவுடர் வாசனை அடித்தது.

"எம்புட்டு நாளா படுத்திருக்கீக?"

"ரெண்டு வருசமாச்சுங்க" என்றார் அவர்.

"இதுதான் எடம்" என்றார் அய்யா.

கட்டணம் முதல் இடத்தில் சொன்னதைவிட அதிகம்தான். ஆனால் அதற்குள்ளேயே எல்லாம் அடக்கம். மருந்து மட்டும் நாங்கள் வாங்கித் தர வேண்டும். குத்தகைப் பணம் போக மாதம் கொஞ்சம் துண்டு விழுந்தது. அதற்கும் அய்யாவே அண்ணனுக்குக் கடிதம் சொல்ல, நான் எழுதினேன். "கொறையிறத நீ அனுப்பு. ஊரு துப்புறத நான் தொடச்சுக்கிறேன்." அவ்வளவுதான் கடிதம். அடுத்த மாதம் முதல் வாரமே மணியார்டர் வந்தது. இன்றுவரை நிற்கவில்லை. நான் பத்து வருஷம் கெஞ்சியிருந்தாலும் நடக்காத காரியம் அது.

அய்யா அங்கே போய் இப்போது மூன்றாவது வருஷம். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போகிறேன். முதல் மாதம் முழுக்க, அவர் என்னைப் பார்த்து அழுவார், கூட்டிப்போ என்பார் என்று பயந்துகொண்டே போனேன். அவரானால், "பஸ்ஸு போயிரும், கெளம்பு கெளம்பு" என்று என்னை விரட்டிவிட்டுத் தாயம் விளையாட உட்கார்ந்துவிடுவார். கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

போன மாதம் ஒருநாள், விரட்டாமல் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"நர்ஸம்மாகிட்டயும் அவுக மககிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்த்தா. எனக்குப் பெறகு இந்தக் கட்டிலு ஒனக்கு. ஒனக்குத் தேவைப்படுற வரைக்கும் யாருக்கு வேணும்னாலும் குடுங்க, எம்மக வந்தா குடுத்துரணும்னு சொல்லிட்டேன். ஜன்னல் காத்து நல்லா வருது. நான் படுத்துப் பாத்துட்டுத்தான் சொல்றேன்."

எனக்கென்று யார் இருக்கிறார்கள், கடைசிக் காலத்தில் எனக்கு யார் தண்ணீர் கொடுப்பார்கள் என்ற பயம் எனக்குள்ளும் இருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அய்யனாரிடம்கூட வேண்டிக்கொண்டதில்லை. சத்தம் போட்டு அழுதேன். எட்டுக் கட்டிலும் எங்களைத் திரும்பிப் பார்த்தது.

நான் இப்போது ஓடுவதில்லை. ராத்திரி தூங்குகிறேன். கடிதங்களைப் பிழையில்லாமல் தட்டுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பாரம் இருந்தால், கொண்டுபோய் அய்யனார் காலடியில் வையுங்கள். இடத்தைப் போய்ப் பாருங்கள், வாய்விட்டுக் கேளுங்கள், படுத்திருப்பவரின் முதுகைப் பாருங்கள். நான் ஒன்று கேட்கப் போய், அதையும் பொய்யாகக் கேட்டேன். அவர் என் அய்யாவுக்கும் இடம் தந்தார், எனக்கும் சேர்த்துத் தந்தார்.