தட்டில் மிஞ்சிய வாஷர்

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் படிக்கும் பலருக்கு அவரைப் புத்தூர் மெக்கானிக்கம்மாவாகத்தான் தெரியும். தம்பியாகிய நான், உடனிருந்து கண்டதை எழுதுகிறேன்.

அக்கா நகரியில் தறிக்காரர் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்து, புத்தூரில் வாழ்க்கைப்பட்டார். மாமா கார்களின் செல்ஃப் மோட்டார், பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டர் ஆகியவற்றைப் பழுது பார்ப்பவர். பக்கவாதத்தில் அவருடைய வலது கை விழுந்ததும் அக்கா ஸ்பேனரை எடுத்தார். முதல் மாதமே பலங்கொண்ட மட்டும் முறுக்கி ஒரு போல்ட்டின் மரையைக் கெடுத்துவிட்டார்.

“இன்னும் ஒரு சுத்து இன்னாத்துக்கு? நல்லா உக்காந்துச்சின்னா நிறுத்து!” என்று மாமா நாற்காலியிலிருந்தே கத்தினார். அந்தப் பயத்தில் அக்கா அதன்பின் எதையும் முழுசாக இறுக்காமல் விட்டார்.

அந்த நாட்களில்தான் நாகலாபுரத்து டிரைவர் ஒருவர் அக்காவிடம் ஆல்டர்னேட்டரை மாற்றிக்கொண்டு, நிறைமாத மனைவியைத் திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்க்கப் புறப்பட்டார். அவர்கள் போன பிறகு, நட்டு, போல்ட் கழற்றிவைக்கும் தட்டைத் துடைத்த அக்கா அப்படியே நின்றுவிட்டார். ஒரு ஸ்பிரிங் வாஷர் மிஞ்சியிருந்தது. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் தடித்த வயரின் நட்டுக்கு அடியில் இருக்கவேண்டியது அது. அது இல்லாமல் நட்டு தளர்ந்தால் வயர் சூடேறித் தீப்பிடிக்கும்.

டிரைவர் போனை எடுக்கவில்லை. “வண்டிய எடுடா” என்றார் அக்கா என்னிடம். பைக்கில் என் பின்னால் உட்கார்ந்துகொண்டார். சாலையோரம் எங்கே புகை தெரிந்தாலும் என் தோளை இறுகப் பிடித்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் கார் சேதமில்லாமல் நின்றிருந்தது. அக்கா டிரைவருக்குக் குரல் கொடுத்தார்.

டிரைவர் ஓடிவந்து பானெட்டைத் திறந்தார். பேட்டரி முனையில் வயரைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டர் பக்கத்து நட்டை அக்கா தொட்டதும் அது விரலிலேயே சுழன்றது. வயரின் உறை இளகியிருந்தது.

“என் தப்பு தம்பி. வாஷரும் போடல, சரியா இறுக்கவும் இல்ல” என்று அக்கா டிரைவரிடம் சொன்னார்.

டிரைவரின் முகம் சிவந்தது. “புள்ளத்தாச்சிய வெச்சிக்கினு வந்தேனே!” என்றார். அக்கா வாஷரைப் போட்டு இறுக்கி முடித்ததும், “நீ வராம இருந்திருந்தா இதே காருல திரும்பிப் போயிருப்பேன். வாம்மா, டீ குடிக்கலாம்” என்றார்.

அந்த வாரமே, அளவு வைத்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்றை அக்கா வாங்கினார். ஒவ்வொரு நட்டுக்கும் புத்தகத்தில் போட்ட அளவைப் பார்த்து இறுக்கி, இறுக்கியதற்கு அடையாளமாக நகப்பாலிஷால் கோடு போடுவார். கோடு இல்லாமல் ஒரு வண்டியையும் அனுப்பியதில்லை. கடையை மூடியதும் நிம்மதியாகத் தூங்குவார்.

கடைசி நான்கு மாதம் வயிற்றுப் புற்றுநோய் அவரைப் படாதபாடு படுத்தியது. வீட்டுக்கே வந்து வலிக்கு மருந்து கொடுத்த நர்ஸ் அம்மாவுக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், மாமாவைத் தனியே விடாமல் பார்த்துக்கொண்ட தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. உங்களால்தான் கடைசி மூன்று நாளும் அவர் முனகவில்லை. “வலி இல்லடா, நீ போய் துன்னு” என்று என்னை அனுப்பிவிட்டுக் கண்மூடினார். அழுதோம். அதோடு, அவர் வலியில்லாமல் போனது எங்களுக்கு நிம்மதியாகவும் இருந்தது. அதை மறைக்க மனமில்லை.