கத்த மறுத்தவர்

டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் ஒரு டெனிஷ் நகைச்சுவைத் தொடர் எடுத்தார்கள். வசனம் எழுதித் தரமாட்டார்கள். வாயில் வருவதைப் பேச வேண்டும். தமிழர் செத்தவீட்டுக் காட்சி ஒன்றுக்கு அங்கே வாழும் தமிழரான எங்களில் சிலரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

இறந்தவரின் தம்பியாக நடித்தவரை எனக்கு முன்பின் தெரியாது. ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை. படப்பிடிப்புக்கு எடுத்த வாடகை வீடுதான்; ஆனாலும் ஒவ்வொரு தடவையும் சப்பாத்தைக் கழற்றி வாசலில் சோடியாக வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

துக்கம் விசாரிக்க வந்த டெனிஷ் நடிகன் புறப்படும்போது, யாரோ பழக்கிவிட்ட தமிழில் சிரித்தபடி "போட்டு வாறன்" என்றான். செத்தவீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லவே கூடாது. திரும்ப வருவதென்றால் இன்னொரு சாவு விழவேண்டும். எங்கள் முகங்கள் இறுகின. தம்பியாக நடித்தவர் மட்டும் தலையாட்டினார்.

"கத்தித் துரத்துங்கள்" என்றார் இயக்குநர் அவரிடம். மூன்று தடவை எடுத்தும் அவர் கத்தவில்லை.

"நடிப்புத்தானே அண்ணை. கத்தாட்டி உங்களைக் காட்சியிலயிருந்து வெட்டிப்போடுவாங்கள்" என்றேன்.

"வெட்டட்டும். தெரியாமச் சொன்னவனைக் கத்திக் கலைக்கிற சனமோ நாங்கள்? நாடு முழுக்கப் பாக்கப்போகுது."

வெட்டினார்கள். அவருடைய இடத்தில் என்னை நிறுத்தினார்கள். நான் கத்தினேன். எனக்கு அது நன்றாக வரும். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவர் வீட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டு நின்றார். முடிந்ததும் நேரே அந்த நடிகனிடம் போய், டெனிஷில் மன்னிப்புக் கேட்டார். நான் கத்தியதற்கு, எனக்காகக் கேட்டார்.

என்னைக் கேட்காமல் எனக்காக மன்னிப்புக் கேட்க அவர் யார்? அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் அந்தக் காட்சியை நான் ஒருநாளும் முழுதாகப் பார்த்ததில்லை.