பின்வளவு ஆடு

கற்பிட்டி வாசிகசாலையில் மாதம் ஒரு ஞாயிறு, அஸர் தொழுகைக்குப் பிறகு கூடி, வாசித்த புத்தகத்தைப் பற்றிக் கதைப்போம். நடத்துபவன் நான். சொந்த ஊரை விட்டு வந்து உப்பளத்தில் சாக்குத் தைக்கும் ஓர் அக்காவும் வருவார்; ராத்தா என்றுதான் அழைப்போம். எப்போதும் வாசலோரக் கதிரையில்தான் இருப்பார். கைப்பையை மடியிலிருந்து இறக்கவே மாட்டார். நாங்கள் பேசுவோம், அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு மாதம் எடுத்த நாவலில் ஒரு குடும்பம் ஒரே மணித்தியாலத்தில் ஊரை விட்டு வெளியேறுகிறது. நடை அழகு என்றார் ஒருவர். முடிவு சரியில்லை என்றேன் நான். அப்போதுதான் ராத்தா முதன்முதலாக வாய் திறந்தார்.

"தம்பி, பின்வளவுல ஒரு ஆடு கட்டியிருக்கெண்டு தொடக்கத்துல வருது. போகக்குள்ள அத ஆரு அவுத்துவிட்ட?"

"அது கதைக்குத் தேவைப்பட்டிருக்காது ராத்தா."

"ஆட்டுக்குத் தேவதானே."

வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வரி விடாமல் மறுபடி வாசித்தேன். ஆடு பிறகு எங்குமே வரவில்லை.

அடுத்த மாதம் வேறு புத்தகம், ஒரு காதல் கதை. எப்படி என்று ராத்தாவிடம் கேட்டேன்.

"நல்லம்," என்றவர் குரலைத் தாழ்த்தினார். "அந்த ஆடு, தம்பி. நானும் ரெண்டு தரம் தேடிப் பாத்தன். ஒங்களுக்கு அம்பிட்டிச்சா?"

யாரோ அவிழ்த்துவிட்டார்கள் என்று ஒரு பொய் வாய்வரை வந்தது. புத்தகத்தில் எத்தனையாம் பக்கம் என்று கேட்பாரே.