காஸ் எங்கே போனது?

என் கணவருக்கு நெஞ்சுக்குக் கீழே வியர்ப்பதில்லை. துறைமுகக் களஞ்சியத்தில் வேலை செய்தபோது ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்ததிலிருந்து அப்படித்தான். கச்சான் என்ற வெக்கைக் காற்று வீசும் மாதங்களில் அறை சூடானால் அவருக்கும் காய்ச்சல் ஏறிவிடும். அதற்காகத்தான் எங்கள் வீட்டுக்கு ஏசி வந்தது. "உங்களுக்கென்ன, குளிருக்குள்ள இருக்கிறியள்" என்று சொல்லும் உறவினர்களுக்கு இதை விளக்கி விளக்கி எனக்கு அலுத்துவிட்டது.

இந்த வருடம் கச்சான் தொடங்கியதும் ஏசி வெறும் காற்றை ஊதியது. திருத்துபவரைக் கூப்பிட்டேன். வெளிச்சுவரில் இருக்கும் பெட்டியில் மீற்றரைப் பூட்டிப் பார்த்தார்.

"குளிராக்கிற காஸ் முடிஞ்சுது அக்கா."

புதுக் காஸ் அடித்துவிட்டுப் போனார். மூன்று கிழமை குளிர்ந்தது, பிறகு பழையபடி. மறுபடி வந்தார், காஸ் முடிந்துவிட்டது என்று மறுபடி அடித்தார். மூன்றாம் முறை அவர் வந்தபோது, காய்ச்சலில் கிடந்த கணவரை நான் ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் தம்பி இப்பிடி முடியுது?"

"பாவிக்கப் பாவிக்க முடியும்தானே அக்கா. மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடிக்கிறேல்லையோ?"

கட்டிலில் கிடந்த கணவர் சொன்னார்: "அது எரிஞ்சு முடியிற சாமான் இல்லை. குழாய்க்குள்ளயே சுத்திச் சுத்தி வாறது. குறையுதெண்டா எங்கையோ ஒழுகுது."

வந்தவர் அவரைப் பார்க்கவேயில்லை. என் பக்கம் திரும்பி, "அண்ணைக்கு ஏலாதுதானே, ஓய்வெடுக்கச் சொல்லுங்கோ" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கால் அசையாவிட்டால் மூளையும் அசையாது என்று இந்த மனிதருக்கு யார் சொன்னது? வங்கியிலும் இதுதான், கோயில் வீதியிலும் இதுதான். என் கணவர் கேட்கும் கேள்விக்கு என்னிடம் பதில் சொல்வார்கள். "அவர் சாப்பிட்டவரோ?" என்று அவர் முன்னாலேயே என்னைக் கேட்பார்கள்.

காய்ச்சல் இறங்க வேண்டுமே என்று அன்றும் காஸ் அடிக்கவிட்டேன். அடுத்த நாள் காலை மெயின் சுவிட்சை நிறுத்தினேன். கணவர் சொன்னபடி சவர்க்காரத்தை நுரை வரக் கரைத்து, பெயின்ற் அடிக்கும் தூரிகையால் வெளிப்பெட்டியில் செப்புக் குழாய்கள் பூட்டிய இடமெல்லாம் பூசினேன். அவர் சக்கர நாற்காலியில் யன்னலோடு இருந்தார்.

"பொறுத்துப் பாரும். உடன தெரியாது."

பெரிய குழாயின் நட்டில் ஒரு சின்னக் குமிழி எழும்பி வெடித்தது. அதே இடத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று. கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டு திருத்துபவரை வரச்சொன்னேன்.

படத்தைப் பார்த்தவர், "உப்புக் காத்து அக்கா, கடற்கரை வீடெல்லே" என்றார். மிச்சக் காஸை வெளிப்பெட்டிக்குள் அடைத்துவிட்டு நட்டைக் கழற்றினார். குழாயின் விரித்த வாயில் மயிரிழை போல ஒரு வெடிப்பு இருந்தது. பூட்டும்போது அளவுக்கு மீறி இறுக்கியதால் வந்த வெடிப்பு. முதலில் ஏசியைப் பூட்டியவரும் அவர்தான். அதற்குப் பிறகு உப்பைப் பற்றிய கதை நின்றது.

வேலை முடிந்தது என்று என்னிடம் சொல்ல வந்தார்.

"எனக்கு வேண்டாம் தம்பி. இவருக்குச் சொல்லுங்கோ."

தயங்கித் தயங்கி நாற்காலியின் முன்னால் போய் நின்றார். "வெடிச்ச துண்டை வெட்டிப்போட்டுப் புதுசா விரிச்சுப் பூட்டினனான் அண்ணை."

"உள்ள போன காத்தைப் பம்ப் போட்டு இழுத்தனீங்களோ?"

"இல்லை. பம்ப் கொண்டுவரேல்லை."

"அப்ப கொண்டுவாங்கோ."

மத்தியானத்துக்குப் பிறகு பம்ப்போடு வந்தார். காற்றை இழுத்து நிறுத்தியபின், மீற்றர் முள் அசையாமல் நிற்கிறதா என்று அரை மணித்தியாலம் பார்த்துத்தான் கணவர் காஸைத் திறக்க விட்டார்.

அறை குளிர்ந்தது. கச்சான் முடியும்வரை அவருக்குக் காய்ச்சல் வரவில்லை. ஆனால் மூன்று தரம் சொன்ன பொய்க்கு அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு மன்னிப்பு வரவில்லை. நட்டுக் கழற்றும் சாவிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "வாறன் அக்கா" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.